ஹீமோகுளோபின் ஏன் இறங்குகிறது? புற்றுநோயில் வரும் ரத்தசோகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோதெரபி நாளன்று காலையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் வெள்ளணு எண்ணிக்கைக்குத்தான் போகும். அது போதிய அளவு இருந்தால்தான் அன்றைக்கு மருந்து ஏறும். அதே தாளில் ஹீமோகுளோபின் 9.6 என்று இருக்கும். பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. ‘கீமோ எடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று யாராவது சொல்வார்கள், தாள் கோப்புக்குள் போய்விடும். சகஜம் என்பது உண்மைதான். சகஜம் என்பதாலேயே அது ஏன் இறங்கியது என்று யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள கேள்விகள் அந்த ‘ஏன்’ பற்றியவை.

புற்றுநோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை வருகிறது?

பாதிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வுகளைப் புரட்டினால் 30 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை எண்கள் கிடைக்கும். யாரோ தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. எந்தப் புற்றுநோய், எத்தனையாவது நிலை, சிகிச்சைக்கு முன்பா நடுவிலா, எந்த அளவுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு வைத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இந்த விஷயத்தில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது 2004-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு. 24 நாடுகள், 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், ஆறு மாதம் வரை கண்காணிப்பு. ஆய்வில் சேர்ந்த அன்றே 39 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தது. கண்காணிப்புக் காலத்தில் ஒருமுறையாவது அந்தக் கோட்டுக்குக் கீழே போனவர்கள் 67 சதவீதம். மூன்று பேரில் இரண்டு பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 என்ற ஒரே கோட்டைத்தான் வைத்தார்கள். ஆண்களுக்கு 13 என்று வைத்திருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

எனக்கு அந்த ஆய்வில் உறுத்துகிற எண் வேறு. ரத்தசோகை வந்தவர்களில் அதற்கென்று ஏதேனும் சிகிச்சை பெற்றவர்கள் 39 சதவீதம்தான். மற்றவர்களில் பலருக்கு லேசானதாக இருந்திருக்கலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் முடிவெடுத்திருக்கலாம். ஆனால் சிகிச்சை தொடங்கிய நேரத்தில் சராசரி ஹீமோகுளோபின் 9.7 ஆக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பொறுத்தது கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது.

எந்த அளவுக்குக் கீழே போனால் ரத்தசோகை?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழே, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே. புற்றுநோய்ச் சிகிச்சையில் இதைப் படிகளாகப் பிரிப்பார்கள்: 10 வரை இறங்கினால் முதல் படி, 10-க்கும் 8-க்கும் நடுவே இரண்டாம் படி, 8-க்குக் கீழே மூன்றாம் படி. நான்காம் படி உயிருக்கு ஆபத்தான நிலை. அதற்குத் தனி எண் கிடையாது, ஆளின் நிலைதான் அளவுகோல்.

கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. 15 என்று இருந்த ஒருவருக்கு 12.8 என்று வந்தால் கோட்டுக்குச் சற்றுத்தான் கீழே, ஆனால் அவர் இரண்டு கிராமுக்கு மேல் இழந்திருக்கிறார். எப்போதும் 11.5-லேயே இருந்த ஒருவரின் 11.3-ஐவிட இதுதான் விசாரிக்க வேண்டிய இறக்கம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தால் இது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. முந்தைய நாள் முழுக்க குளுக்கோஸோ சலைனோ ஏறியிருந்தால் ரத்தம் நீர்த்துப்போய், ஒரு துளிகூட இழக்காமலே எண் இறங்கிக் காட்டும். அதுபோல உடலில் நீர் வற்றியிருந்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வாந்தி, பேதி நாட்களில் ‘ஹீமோகுளோபின் ஏறிவிட்டது’ என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் புற்றுநோயிலும் இது ஒரே அளவா?

இல்லை. மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் கர்ப்பப்பை, சினைப்பை போன்ற பெண் உறுப்புப் புற்றுநோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் ரத்தசோகை இருந்தது. ரத்தம் உருவாகும் இடத்திலேயே தொடங்குகிற நோய்களில், அதாவது ரத்தப் புற்றுநோய், மைலோமா போன்றவற்றில், சிகிச்சைக்கு முன்பே ரத்தசோகை வந்துவிடும். மைலோமா கண்டறியப்படும் நாளிலேயே ஏறத்தாழ 73 சதவீதம் பேருக்கு அது இருந்ததாக 1,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் சொல்கின்றன.

பெருங்குடல் புற்றுநோயில் இடமும் முக்கியம். வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் குழம்பாகத்தான் இருக்கும். கட்டி பெரிதானாலும் அடைப்பு சட்டென்று வராது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் ரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மாதக்கணக்கில் இப்படி இழந்து, படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் மருத்துவரிடம் வந்த பிறகுதான் கட்டியே தெரியவரும்.

அப்படியானால் ரத்தசோகை இருந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ரத்தசோகை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் இரண்டு தரப்பினர் மட்டும் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது: ஆண்களும், மாதவிடாய் நின்ற பெண்களும். இவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், இரும்பு எங்கே போனது என்று பார்த்தாக வேண்டும். இரைப்பையையும் பெருங்குடலையும் உள்நோக்கிக் கருவியால் பார்ப்பது வழக்கம். மாத்திரை போட்டு ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்பதற்காக இந்தத் தேடலைக் கைவிடுவது தவறு. கசிந்துகொண்டே இருந்தாலும் மேலே ஊற்ற ஊற்றப் பாத்திரம் நிறையத்தான் செய்யும்.

புற்றுநோய் எப்படி ரத்தசோகையை உண்டாக்குகிறது?

ஒரே ஆளிடம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதுதான் வழக்கம். கட்டியிலிருந்தோ அறுவை சிகிச்சையிலோ ரத்தம் போகலாம். புற்று எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து சிவப்பணு உருவாகும் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். சாப்பாடு இறங்காமல் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை குறையலாம். சில நிணநீர்ப் புற்றுநோய்களில் உடலே தன் சிவப்பணுக்களை அழித்துக்கொள்ளும். இவையெல்லாம் கேட்டவுடன் புரிகிற காரணங்கள்.

பலருக்கும் புரியாமல் இருப்பது அழற்சியால் வரும் ரத்தசோகை. அதுதான் மிகப் பரவலானதும்கூட. புற்றுநோய் உள்ள உடலில் ஓயாமல் ஓர் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து எழும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகளைக் கேட்டுக் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு நுழைகிற வழியையும், சேமிப்பு அணுக்களிலிருந்து இரும்பு வெளியே வருகிற வழியையும் ஹெப்சிடின் அடைத்துவிடும். இதற்கு ஒரு நியாயம் உண்டு: கிருமித் தொற்று வந்தால் கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடல் வைத்திருக்கும் பழைய உபாயம் இது. புற்றுநோயில் அந்த உபாயம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. குதிர் நிறைய நெல் இருக்கிறது, கதவைத்தான் சாத்திவிட்டார்கள். அடுப்படியில் உலை கொதித்துக்கொண்டு அரிசிக்குக் காத்திருக்கிறது. மஜ்ஜையின் நிலை அதுதான்.

போதாக்குறைக்கு, மஜ்ஜையை வேலை செய்யத் தூண்டும் எரித்ரோபொயட்டினைச் சிறுநீரகம் இந்த நேரத்தில் தேவைக்கேற்பச் சுரப்பதில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தையே பாதிப்பதால் அது இன்னும் குறையும்.

கீமோதெரபி தொடங்கி எத்தனை நாளில் இறங்கும்?

வெள்ளணுக்களைப் போல ஒரே வாரத்தில் சரியாது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். மஜ்ஜை முழுவதுமாக வேலையை நிறுத்திவிட்டாலும் ஒரு நாளைக்கு இழப்பது 120-இல் ஒரு பங்குதான். பத்து நாள் நின்றால் 12 என்று இருந்த ஹீமோகுளோபின் 11 ஆகும். வெள்ளணுக்களில் முக்கியமான வகையின் ஆயுளோ ஓரிரு நாள்தான். அதனால்தான் அது மளமளவென்று விழுந்து, மளமளவென்று எழுகிறது.

சிவப்பணு இறங்குவதும் மெதுவாக, எழுவதும் மெதுவாக. முதல் சுற்றில் இழந்ததை மீட்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் பலருக்கும் எண் உறுத்தத் தொடங்கும். சுற்று முடிந்த ஒரே வாரத்தில் ஹீமோகுளோபின் 11-லிருந்து 8-க்கு விழுந்தால் அது கீமோவின் கணக்குக்குள் அடங்காது. எங்கேயோ ரத்தம் போகிறது, அல்லது அணுக்கள் அழிகின்றன என்று தேட வேண்டும்.

கதிர்வீச்சு மட்டும் எடுத்தால் வராதா?

எந்த இடத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரியவர்களில் வேலை செய்யும் மஜ்ஜையின் பெரும்பங்கு இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. அங்கே கதிர் பட்டால் பாதிப்பு இருக்கும். ஒரு மார்பகத்துக்கு மட்டும் கொடுத்தால் பெரிதாக இருக்காது.

என்னுடைய சோர்வுக்கு ரத்தசோகைதான் காரணமா?

ஓரளவு இருக்கலாம். புற்றுநோயில் வரும் சோர்வுக்குத் தூக்கமின்மை, வலி, மனச்சோர்வு, தைராய்டு குறைவு, தசை இளைப்பு, மருந்துகள் என்று பல வேர்கள். ஹீமோகுளோபின் 12 இருந்தும் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் உண்டு. 8.5-இல் அலுவலகம் போய்வருபவர்களும் உண்டு. மெதுவாக இறங்கினால் உடல் பழகிக்கொள்ளும். அதுவே வேகமாக இறங்கினால் 9-லேயே ஆளைச் சாய்த்துவிடும்.

ரத்தசோகைக்கே உரிய அடையாளம் வேலை செய்யும்போது தெரியும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இருக்காது. பாதி மாடி ஏறியதும் நெஞ்சு படபடக்கும், காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கும், கைப்பிடியைப் பிடித்து நிற்க வேண்டிவரும். குளித்துவிட்டுத் தலை துவட்டக் கையை உயர்த்தினாலே மூச்சு வாங்கும். கீழிமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருக்கும். இதை மருத்துவரிடம் சொல்லும்போது ‘களைப்பாக இருக்கிறது’ என்று சொல்வதைவிட ‘போன மாதம் இரண்டு மாடி ஏறினேன், இப்போது ஒன்றிலேயே நிற்கிறேன்’ என்று சொன்னால் அவருக்கு உதவும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால், ரத்தப்போக்கு நிற்காவிட்டால், வாந்தியில் ரத்தம் வந்தால், மலம் தார் போலக் கறுத்து வந்தால். கடைசியில் ஒரு குழப்பம் உண்டு: இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். மாத்திரையால் கறுத்தது பெரும்பாலும் கட்டியாக, கரும்பச்சை சாயலில் இருக்கும். இரைப்பையில் ரத்தம் கசிந்தால் பளபளவென்று பிசுபிசுப்பாக, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டாவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முழு ரத்த எண்ணிக்கை, சிவப்பணுவின் சராசரி அளவு, மஜ்ஜை புது அணுக்களை அனுப்புகிறதா என்று காட்டும் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, சிறுநீரகச் செயல்பாடு, பி12, ஃபோலிக் அமிலம், இரும்பு நிலை. தேவைப்பட்டால் அணுக்கள் அழிகின்றனவா என்றும், அரிதாக மஜ்ஜையையும் பார்ப்பார்கள்.

இதில் ஃபெரிட்டின் ஒரு பொறி. உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் எண் அது. வேறு நோயில்லாதவரிடம் 30-க்குக் கீழே போனால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயரும். அதனால் புற்றுநோய் உள்ளவரின் ரிப்போர்ட்டில் 80 என்று வந்து, பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இரும்பு காலியாக இருக்கலாம். 100 வரை சந்தேகப்படலாம் என்பது ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டல். கூடவே டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும், பார்க்க வேண்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ‘என்னுடைய ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் எவ்வளவு?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இரும்பு மாத்திரையை நானே வாங்கிச் சாப்பிடலாமா?

கேட்காமல் வேண்டாம். இரும்பு குறைவாக இல்லாவிட்டால் அதனால் பயனில்லை, மலச்சிக்கலும் குமட்டலும்தான் மிச்சம். குறைவாகவே இருந்தாலும், ஹெப்சிடின் குடல் வழியை அடைத்திருக்கும்போது மாத்திரை பெரும்பாலும் உள்ளே நுழையாது. அதனால்தான் புற்றுநோய் மருத்துவர்கள் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை விரும்புகிறார்கள். கடுமையான ஒவ்வாமை அரிது என்றாலும் கண்காணிப்பில்தான் ஏற்றுவார்கள். கிருமித் தொற்று இருக்கும் நாளில் தள்ளிவைப்பார்கள். மாத்திரையே போதும் என்று சொல்லியிருந்தால் தேநீரோடும் காபியோடும் சேர்த்து விழுங்காதீர்கள், இரும்பை அவை பிடித்துக்கொள்ளும்.

ஃபோலிக் அமிலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்து எடுப்பவர்களுக்கு அதைக் கட்டாயம் கொடுப்பார்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர் தானாகச் சாப்பிட்டால் அதே மாத்திரை மருந்தின் வேலையைக் கெடுக்கலாம்.

சாப்பாட்டாலேயே ஏற்றிவிட முடியாதா?

நன்றாகச் சாப்பிடுவது உடம்புக்கு வேண்டும். ஆனால் மஜ்ஜை கீமோவால் முடங்கியிருக்கும்போதோ கதவு சாத்தியிருக்கும்போதோ எந்தச் சாறும் ஹீமோகுளோபினை ஏற்றாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடாது. ஏறவில்லை என்பதற்காக நோயாளியை ‘நீ சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். வாயெல்லாம் புண்ணோடு இருப்பவரிடம் அதைச் சொல்வது கொடுமை.

ரத்தம் எப்போது ஏற்றுவார்கள்?

பொதுவாக ஹீமோகுளோபின் 7 முதல் 8-க்குக் கீழே போகும்போது. இதயநோய் உள்ளவருக்கும், மூச்சுத் திணறல் போன்ற தொந்தரவு உள்ளவருக்கும் அதற்கு முன்பே ஏற்றலாம். ஒரு பை ரத்தம் பெரியவர்களில் ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். உடனடிப் பலன் இதில்தான் உண்டு, ஆனால் காரணம் தீராதவரை சில வாரங்களில் மறுபடி இறங்கும்.

பையை மாட்டுவதற்கு முன் இரண்டு பேர் பெயரையும் ரத்த வகையையும் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார்கள். ‘எத்தனை தடவைதான் பெயர் கேட்பீர்கள்’ என்று அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் முழுப் பெயரைச் சொல்லுங்கள். பை மாறிப்போகாமல் காப்பது அந்தக் கேள்விதான். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, நாடியும் காய்ச்சலும் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் குளிர் நடுக்கம், இடுப்பு வலி, அரிப்பு, மூச்சடைப்பு எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் பை முடிந்துவிட வேண்டும். ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் இருந்தவர்கள், ஸ்டெம்செல் மாற்று செய்துகொண்டவர்கள் போன்ற சிலருக்குக் கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். வேறு மருத்துவமனைக்குப் போனால் இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

எரித்ரோபொயட்டின் ஊசி பற்றி ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்?

இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. கீமோவால் வரும் ரத்தசோகைக்கு இந்த ஊசியை அமெரிக்காவில் 1993-இல் அனுமதித்தார்கள். ரத்தம் ஏற்றும் தேவை உண்மையாகவே குறைந்தது. உற்சாகத்தில் ஹீமோகுளோபினை 12-க்கு மேல், 13-க்கு மேல் என்று ஏற்றிப் பார்த்த ஆய்வுகளில் நரம்புகளில் ரத்தக்கட்டி கூடியது. சிலவற்றில் புற்று வளர்ச்சியும் இறப்பும் அதிகமாயின. 2007-இல் அங்கே மருந்துப் பெட்டியின் தகவல் தாளில் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள். இப்போதைய நடைமுறை இது: கீமோ நடந்துகொண்டிருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருக்க வேண்டும், ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கப் போதுமான மிகக் குறைந்த அளவே தர வேண்டும், கீமோ முடிந்ததும் நிறுத்த வேண்டும். நோயை முற்றாகக் குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை நடந்தால் இதைப் பெரும்பாலும் தருவதில்லை. பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்பதால் அவசரத்துக்கு உதவாது.

சிகிச்சை முடிந்த பிறகு தானாகச் சரியாகிவிடுமா?

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் ஏறிவிடும். ஏறாவிட்டாலோ, ஏறிய பிறகு மறுபடி இறங்கினாலோ திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டும். நோய் திரும்பியிருக்கலாம், சில ஆண்டுகள் கழித்து அரிதாக, பழைய கீமோவால் மஜ்ஜையே பழுதாகியிருக்கலாம்.

இரைப்பையை முழுதாக எடுத்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பி12 குடலில் உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரைப்பை இல்லாவிட்டால் அது இல்லை. கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் முதல் ஆண்டுப் பரிசோதனைகளில் எல்லாம் சரியாகவே இருக்கும். மூன்றாம், நான்காம் ஆண்டில், புற்றுநோய் என்ற பேச்சே வீட்டில் அடங்கிப்போன சமயத்தில், கால் விரல்கள் மரத்துப்போகும், ஹீமோகுளோபின் இறங்கும். பி12 ஊசி அவர்களுக்கு ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். அடுத்த ஊசி என்றைக்கு என்று காலண்டரில் குறித்து வைத்துவிடுங்கள்.